தூசியைக் கழுவப் போய்த் தோலைக் கெடுக்காதீர்கள்

முழங்காலுக்குக் கீழே நகத்தால் லேசாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். சிலேட்டில் எழுதிய மாதிரி வெள்ளையாகக் கோடு விழுந்தால் தோல் காய்ந்து கிடக்கிறது என்று அர்த்தம். காற்றில் ஈரம் குறைந்து புழுதியும் பறக்க ஆரம்பித்துவிட்டால் பலருக்கும் இதுதான் கதி. பழியைத் தூசியின் தலையில் போட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், அதில் பாதிக்கு மேல் நம் கைவரிசைதான்.

தோலின் மேலடுக்கு செங்கல் சுவர் மாதிரி. இறந்த செல்கள் செங்கல். செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் கலந்த கொழுப்பு, இடையில் பூசிய சாந்து. உள்ளங்கை, உள்ளங்கால் தவிர மற்ற இடங்களில் இந்தச் சுவர் மொத்தமும் சேர்ந்து ஒரு தலைமுடியின் தடிமன்கூடத் தேறாது. உள்ளேயுள்ள ஈரம் ஓடிப்போகாமல் பிடித்து வைப்பதும், வெளியிலிருந்து வருவதைத் தடுப்பதும் அந்தச் சாந்துதான். காற்று வறண்டாலே ஈரம் வேகமாகப் போகும். அந்த நேரம் பார்த்து நாமும் சாந்தைச் சுரண்டினால்?

சுரண்டுவதில் முதலிடம் சோப்புக்கு. வெளியே போய்வந்தால் முகத்தில் மண் அப்பியிருப்பது போலவே இருக்கும். உடனே சோப்பு. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் சோப்பு. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) சுமார் 5. சாதாரண சோப்புக் கட்டிக்கு 9, 10 என்று போகும். அழுக்கோடு சாந்தையும் அள்ளிக்கொண்டு போய்விடும். கழுவியதும் முகம் இழுத்துப் பிடிக்கிறதே, அதைத்தான் நாம் 'நல்லாச் சுத்தமாயிடுச்சு' என்கிறோம்! காலையில் வெறும் தண்ணீர், வீடு திரும்பியதும் ஒருமுறை வாசனை சேர்க்காத மென்மையான கிளென்சர், அவ்வளவு போதும். உடம்பிலும் அக்குள், தொடையிடுக்கு, பாதம் தவிர மற்ற இடங்களுக்குத் தினமும் நுரை வேண்டியதில்லை. கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும் இதே ரகம். வெதுவெதுப்பாக, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அடுத்தது தேய்ப்பது. இதில் நானும் கெட்டிக்காரன்தான். ஒரு புழுதிக் காலத்தில் தினமும் மாலை ஸ்க்ரப்பை எடுத்துக் கன்னம் சிவக்கச் சிவக்கத் தேய்த்தேன். நான்காம் நாள் க்ரீம் பட்டதும் சுரீரென்று எரிந்தது. க்ரீம் சரியில்லை என்று வேறொன்று வாங்கினேன், அதுவும் எரிந்தது. தேய்ப்பதை நிறுத்திய பிறகுதான் இரண்டு க்ரீமுமே குற்றமற்றவை என்று தெரிந்தது. தோலைக் கெடுக்க ஸ்க்ரப்கூட வேண்டியதில்லை, காய்ந்த முகத்தைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாலும் போதும், முகத்தில் இருக்கும் தூசியே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். முதலில் தண்ணீரை அள்ளி முகத்தில் விட்டுத் தூசியை ஓட விடுங்கள். அப்புறம் கை வையுங்கள். கடைசியில் துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பருவுக்கும் சுருக்கத்துக்கும் ரெட்டினால், சாலிசிலிக் அமிலம் போன்றவற்றைப் போடுகிறவர்கள், தோல் எரிச்சல் அடங்கும்வரை அவற்றுக்கும் லீவு கொடுத்துவிடலாம்.

மாய்ஸ்சரைசர் விஷயத்தில் தவறு எதைப் பூசுகிறோம் என்பதில் இருப்பதைவிட, எப்போது பூசுகிறோம் என்பதில்தான் அதிகம். குளித்து, துவட்டி, உடுத்தி, தலைவாரி, கிளம்பும்போது ஞாபகம் வந்தால் ஒரு சொட்டு. அதற்குள் தோலில் இருந்த ஈரம் காற்றோடு போயிருக்கும். க்ரீமின் பெரிய வேலையே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைப்பதுதான். ஆகவே குளியலறையை விட்டு வெளியே வருமுன், மூன்று நிமிடத்துக்குள், தோல் நசநசவென்று இருக்கும்போதே பூசிவிட வேண்டும். எண்ணெய்க்கும் இதே விதிதான். காய்ந்த தோலில் பூசினால் மினுமினுப்பு வரும், ஈரம் வராது.

லேபிளில் கிளிசரின், செராமைடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணியாக ஓடும் லோஷனைவிடக் கெட்டியான க்ரீம் நன்றாகப் பிடித்து நிற்கும். ஈரத்தைப் பூட்டுவதில் பெட்ரோலியம் ஜெல்லியை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் பிசுபிசுப்பில் புழுதி வந்து ஒட்டும் என்பதால் அதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உதடு காய்ந்தால் நாக்கால் நனைக்கிறோம். எச்சில் காயும்போது இருந்த ஈரத்தையும் கொண்டுபோகும், அதிலுள்ள செரிமான நொதிகள் மெல்லிய தோலை அரிக்கும். பொருக்கைப் பிய்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

'நிறையத் தண்ணீர் குடி, தோல் சரியாகிவிடும்' என்பார்கள். தாகத்துக்குக் குடியுங்கள், தப்பில்லை. ஆனால் மேலே சாந்து பெயர்ந்து கிடக்கும்போது குடம் குடமாகக் குடித்தாலும் முழங்காலின் வெள்ளைக் கோடு போகாது.

வானம் புழுதியில் மங்கலாக இருக்கிறதே என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. புற ஊதாக் கதிர் அதைத் தாண்டியும் வரும். எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து காக்கும் அளவு) 30 இருந்தால் சரி, வெளியிலேயே இருப்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். முகத்தில் துணி கட்டிக்கொண்டு போவது நல்ல பழக்கம்தான், அதைத் தினமும் துவைத்தால். நேற்றைய புழுதியும் வியர்வையும் காய்ந்த அதே துணியை இன்றைக்கும் கட்டினால், நாள் முழுக்கக் கன்னத்தில் உரசுவது அந்தப் புழுதிதான்.

குதிகால் வெடிப்புக்கு 10 சதவீதம் யூரியா உள்ள க்ரீமைப் படுக்கும் முன் பூசி, மேலே பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். பிளந்து ரத்தம் வரும் இடத்தில் யூரியா எரியும், அங்கே வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தாலோ, நீர் கசிந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சி குறைந்திருக்கும், வெடிப்பு புண்ணாகிச் சீழ் வைத்த பிறகுதான் தெரியவரும். வலிக்கிறதா என்று பார்க்காமல், ராத்திரி க்ரீம் பூசும்போதே பாதத்தைத் திருப்பிக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம்.