பொருளியலில் முதுகலையும் முனைவர் பட்டமும் ஒரே படிப்பில்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இளங்கலைப் பட்டத்துடனேயே பொருளியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். முதுகலைப் பட்டம் இடைவழியில் வழங்கப்படும். முதல் ஆண்டில் நுண்ணினப் பொருளியல், பேரினப் பொருளியல், பொருளாதார அளவையியல் ஆகியவற்றைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறிய பிறகே சிறப்புப் பாடங்களும் ஆய்வேடும் தொடங்கும். முடிக்க 5 அல்லது 6 ஆண்டுகள் ஆகலாம்.

பரிந்துரைக் கடிதங்கள் பெரும்பாலும் 3 கேட்கப்படும். ஆனால் தேர்வுக் குழுவினர் கூர்ந்து பார்ப்பது, சற்று வியப்பாகத் தோன்றினாலும், கணிதத்தைத்தான்: பன்மாறி நுண்கணிதம், நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு ஆகியவற்றோடு மெய்ப் பகுப்பாய்வையும் (real analysis: நுண்கணிதத்தின் அடிப்படைகளை நிறுவல்களோடு படிக்கும் பாடம்) நல்ல மதிப்பெண்ணுடன் முடித்தவர், பொருளியல் பாடங்களை மட்டுமே படித்தவரைவிட முந்தி நிற்பார் என்பது என் கணிப்பு. ஜிஆர்இ (GRE) என்ற பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வு குறித்த விதி துறைக்குத் துறை மாறுவதாலும், விண்ணப்பக் கடைசி நாள் பல இடங்களில் டிசம்பரிலேயே வந்துவிடுவதாலும், இரண்டையும் முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ளுங்கள்.