கௌபாய் துப்பாக்கிச் சுடும் போட்டி: புதியவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

கௌபாய் துப்பாக்கிச் சுடும் போட்டியில் ஒரு ஸ்டேஜை, அதாவது ஒரு சுற்றை, இருவர் சுடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ரைஃபிளில் 10 குண்டு, இரண்டு ரிவால்வர்களில் ஐந்தைந்தாக 10, ஷாட்கன்னில் 4. முதலாமவர் 50 விநாடி எடுத்து எல்லாவற்றையும் அடித்துவிடுகிறார். இரண்டாமவர் பறந்தடித்து 42 விநாடியில் முடிக்கிறார். ஆனால் மூன்று குறி தப்பிவிட்டது. தப்பிய ஒவ்வொன்றுக்கும் 5 விநாடி அபராதம். அவர் கணக்கு 57 விநாடி. வேகமாகச் சுட்டவர் பின்னால் நிற்கிறார். புதிதாக வருபவர்களின் பெரும்பாலான தவறுகள் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாததில்தான் தொடங்குகின்றன.

அமெரிக்காவின் தெற்குக் கலிஃபோர்னியாவில் 1980களின் தொடக்கத்தில் பிறந்த விளையாட்டு இது. இதன் விதிகளை வகுக்கும் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி 1987இல் அமைந்தது, ‘சாஸ்’ என்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணித் துப்பாக்கிகள், அக்கால உடை, ஆளுக்கொரு புனைபெயர். ஒருவர் பதிவு செய்த பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. ஆசைப்பட்ட முதல் பெயர் கிடைக்காமல் போவது சகஜம்.

ஒரு போட்டியைக்கூடப் பார்க்காமல் கடைக்குப் போவதுதான் செலவு மிக்க தவறு. இரண்டு ரிவால்வர், நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் ஒரு ரைஃபிள், ஒரு ஷாட்கன், தோல் உறைகள், கச்சை என்று பட்டியல் நீள்கிறது. முதலில் கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பு மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளூர்ப் போட்டி ஒன்றுக்குப் போக வேண்டும். ஆர்வமாகக் கேட்பவருக்குத் தங்கள் துப்பாக்கியையே கொடுத்துச் சுடச் சொல்லும் பழக்கம் இந்தக் கூட்டத்தில் உண்டு. நான்கைந்து பேருடையதைச் சுட்டுப் பார்த்த பிறகு வாங்குபவர் ஒரு முறைதான் வாங்குவார்.

வாங்கும்போது மனத்தை மயக்குவது .45 கோல்ட். 1873ஆம் ஆண்டின் கோல்ட் ரிவால்வரோடு சேர்ந்தே வந்த தோட்டா, சரித்திரம் மணக்கும். ஆனால் .38 ஸ்பெஷல் விலை குறைவு, உதைப்பும் குறைவு. இரும்பு இலக்குக்கு அது போதும். ரிவால்வர் இலக்குகள் பெரும்பாலும் 10 கஜத்துக்குள்தான் நிற்கின்றன. ரிவால்வருக்கும் ரைஃபிளுக்கும் ஒரே தோட்டா என்றால் போட்டி நாளில் குழப்பமும் இல்லை. ஆனால் வின்செஸ்டர் 1873 வகை ரைஃபிள் தோட்டாவின் நீளத்தில் கறார் பேர்வழி. நீளம் பொருந்தாவிட்டால் நடுவில் சிக்கிக்கொள்ளும். குண்டு ஈயமாக இருக்க வேண்டும், செம்பு உறையிட்டது கூடாது. வேகத்துக்கும் வரம்பு உண்டு: ரிவால்வருக்கு விநாடிக்கு 1,000 அடி, ரைஃபிளுக்கு 1,400 அடி. பக்கத்திலிருக்கும் இரும்புத் தகட்டில் பட்டுச் சிதறும் துண்டுகள் சுடுபவரை நோக்கித் திரும்பிவிடக் கூடாது என்பதே இதற்கெல்லாம் காரணம்.

உறை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. இடுப்பின் எதிர்ப்பக்கத்தில் குறுக்காகச் செருகும் உறை பார்க்க அழகு. அதிலிருந்து எடுக்கும்போது உடலைத் திருப்பாவிட்டால் துப்பாக்கியின் வாய் பக்கத்தில் நிற்பவர்களை நோக்கிப் போய்விடும். குழல் எப்போதும் முன்னோக்கிய 170 பாகைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மீறினால் அந்த ஸ்டேஜிலிருந்து நீக்கம். கால் எடுத்து வைத்து உடலைத் திருப்பும் அந்த அசைவு தானாக வரும்வரை, இரண்டு இடுப்பிலும் நேராகத் தொங்கும் உறைகளே நல்லது.

ரிவால்வரில் ஆறு அறைகள் இருந்தாலும் நிரப்புவது ஐந்துதான். சுத்தியல் காலி அறையின் மீது இறங்கியிருக்க வேண்டும். தோட்டா நிரப்பும் மேசையில் பேச்சுக் கொடுத்தபடி இதைச் செய்வதைத் தவிர்க்க வேண்டும். கையிலிருந்து துப்பாக்கி நழுவினால் குனிந்து எடுக்கத்தான் உடம்பு துடிக்கும். எடுக்கக் கூடாது, டைமர் பிடிப்பவர்தான் எடுத்துச் சோதிப்பார். காலித் துப்பாக்கி விழுந்தால் அந்த ஸ்டேஜ் போயிற்று. தோட்டா உள்ளது விழுந்தால் அன்றைய போட்டியே போயிற்று. வழக்கத்துக்கு மாறாக மெல்லிய சத்தம் கேட்டால் உடனே நிறுத்த வேண்டும். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

சுடும் வரிசையை மனத்தில் பதிக்காமல் கோட்டில் போய் நிற்பது அடுத்த தவறு. ‘நெவாடா ஸ்வீப்’ என்றால் மூன்று இலக்குகளில் 1-2-3-2-1-2-3-2-1-2 என்று போய்வருவது. ஓரத்து இலக்கை இரண்டு முறை அடுத்தடுத்து அடிக்கக் கூடாது. வரிசை பிறழ்ந்தால் 10 விநாடி, அதாவது இரண்டு குறி தப்பிய கணக்கு. பலர் தங்கள் முறைக்குச் சற்று முன்புவரை அரட்டையில் இருந்துவிட்டு, டைமர் ஒலித்ததும் விழிக்கிறார்கள். நடுவில் மறந்தால் டைமர் பிடிப்பவரைக் கேட்கலாம், அவர் சொல்லித்தரத் தடையில்லை. கேட்கக் கூச்சப்பட்டு ஊகத்தில் சுடுவதுதான் வீண்.

உடையில் பெரிய வம்பில்லை. பேஸ்பால் தொப்பி, ஓட்டப் பந்தயக் காலணி, டி-ஷர்ட் போன்ற இக்கால உடைகள் கூடாது.

தங்கள் முறை முடிந்ததும் நிழலைத் தேடிப் போய்விடுவது மரியாதைக் குறைவு மட்டுமல்ல, நஷ்டமும்கூட. வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்குவது, தகடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது, குறி தப்பியதைக் கணக்கிடுவது எல்லாம் குழுவில் உள்ளவர்கள் பகிர்ந்து செய்யும் வேலை. கணக்கிட மூன்று பேர் நிற்பார்கள். இருவர் ஒத்துச் சொல்வதே முடிவு. அங்கே நின்று பார்ப்பவருக்கு ஒன்று விளங்கும்: அனுபவசாலிகள் விசையை அழுத்தும் வேகத்தில் மட்டும் முன்னேறுவதில்லை. ரைஃபிளைக் கீழே வைக்கும்போதே அவர்கள் கண் அடுத்த துப்பாக்கிக்குப் போய்விடுகிறது. புதியவர் வைத்த இடத்தையே பார்த்துக்கொண்டு ஒரு கணம் நிற்கிறார்.

நேரத்தை அதிகம் விழுங்குவது ஷாட்கன். டைமர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிரப்ப வேண்டும். இரட்டைக் குழலில் நான்கு சுட, திறந்து, காலியை உதறி, கச்சையிலிருந்து இரண்டை ஒன்றாக எடுத்துத் திணிக்க வேண்டும். தானாக வெளித்தள்ளும் அமைப்புக்கு அனுமதியில்லை என்பதால் உதறினால் விழும்படி அறை வழவழப்பாக இருக்க வேண்டும். இந்த ஒரு வேலையை வீட்டில் தினமும் கால் மணி நேரம் பழகினால், கூடுதல் வெடிமருந்துச் செலவின்றி விநாடிகள் குறையும். பழகுவது போலித் தோட்டாக்களைக் கொண்டு மட்டுமே. அந்த அறையில் உண்மையான தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது.