மழைக்கு முன் தோட்டத்தை மொட்டையடிக்காதீர்கள்

ஐப்பசி மழை தொடங்குவதற்குள் தோட்டத்தில் ஒரு புல் விடாமல் செதுக்கி, சருகையெல்லாம் கூட்டிக் கொளுத்துவது பல வீடுகளில் வழக்கம். மண் அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது.

ஓடுகிற தண்ணீர்தான் மண்ணை அரிக்கிறது என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே மழைத்துளி தன் வேலையைச் செய்துவிடுகிறது. பெரிய துளி மணிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் வெறும் தரையில் விழுந்து மண்கட்டியை உடைக்கும். உடைந்த நுண்மண் தரையிலுள்ள துளைகளை அடைத்துக்கொள்ள, தண்ணீர் கீழே இறங்காமல் மேலேயே ஓடும். மழை விட்டதும் போய்ப் பாருங்கள். சுவரின் அடியில் செம்மண் தெறித்த கறை இருக்கும். தரையில் சின்னக் கற்கள் ஒவ்வொன்றும் ஒரு மண்திட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். கல் மறைத்த மண் தப்பிவிட்டது, சுற்றியிருந்த மேல்மண் போய்விட்டது.

அதனால் களையை வேரோடு பிடுங்காமல், அறுத்து அங்கேயே போடுங்கள். சருகு, வைக்கோல், நறுக்கிய தென்னை ஓலை, எது கிடைத்தாலும் நாலு விரல் கனத்துக்கு மூடாக்கு போடலாம். தண்டை ஒட்டிப் போட்டால் மட்டும் அழுகல் வரும், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

அடுத்தது மாடித் தண்ணீர். 1,000 சதுர அடி மாடியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் 4,600 லிட்டருக்கும் மேல் சேரும். அத்தனையும் ஒரே குழாய் வழியாகப் பாத்தியில் கொட்டினால் எந்த மண்ணும் தாங்காது. குழாயின் வாயில் ஜல்லி நிரப்பிய குழி வேண்டும். தொட்டிக்கோ கிணற்றுக்கோ திருப்பிவிட முடிந்தால் இன்னும் நல்லது.

சரிவான இடத்தில் பாத்தியை மேலிருந்து கீழாக இழுப்பதும் பெரிய தவறு, அது வாய்க்காலாகிவிடும். சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மட்டம் பார்க்கக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். கண்ணை நம்ப வேண்டாம். தடுப்புச் சுவர் கட்டினால் தண்ணீர் கசிய ஓட்டை விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரமண்ணின் பாரத்தில் சுவரே சாயும்.

அப்புறம், சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த நடும் வெட்டிவேர். வேர் 3 மீட்டர் வரை ஆழம் போகும் என்று கேள்விப்பட்டு, அடிக்கு ஒன்றாக நட்டுவிடுகிறார்கள். இடைவெளியில் புகுந்த தண்ணீர் இன்னும் வேகமாக அறுக்கும். 10 முதல் 15 சென்டிமீட்டருக்கு ஒரு தூர் வீதம், சரிவுக்குக் குறுக்கே ஒரே வரிசையாக நட வேண்டும். அடைமழை வரும் முன்பே நட்டு, வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விடுங்கள். வரிசை அடைத்துக்கொள்ள இரண்டு மூன்று வருஷம்கூட ஆகலாம். அதுவரை மேல்பக்கத்து மூடாக்கை எடுக்கவே கூடாது.