கப்பல் திரும்பினால் செலவு யார் தலையில்?

போர் நடக்கும் கடல் வழியே சரக்கு அனுப்புகிறவர்கள் ஏவுகணையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். பல வருடமாக ஏற்றுமதி ஆவணங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு அடி விழுந்ததெல்லாம் காகிதத்தில்.

2023 நவம்பர் 19 அன்று செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலை ஏமனின் ஹூதி படையினர் பிடித்தார்கள். டிசம்பரிலேயே பெரிய நிறுவனங்கள் சூயஸைக் கைவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்ற ஆரம்பித்தன. எங்கள் சரக்கு அப்போது கடலில்கூட இல்லை, குடோனில்தான் கிடந்தது. அப்படியும் மாட்டிக்கொண்டோம். ஏற்றவேண்டிய கப்பல் சுற்றி வந்து சேர்வதற்குள் எல்.சி.யில் (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதிக் கடிதம்) இருந்த கடைசி ஏற்றுமதித் தேதி கடந்துவிட்டது. தேதியைத் திருத்தித் தர வாங்குபவர் தள்ளுபடி கேட்டார். கொடுத்தோம், வேறென்ன செய்வது?

அதனால் எல்.சி. வரைவு வந்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். கப்பல் அட்டவணைக்கு மேல் மூன்று வாரமாவது கூட்டிக் கேளுங்கள். ஏற்றும் துறைமுகம் என்று ஒரே பெயரைப் போடாமல், அந்த நாட்டின் எந்தத் துறைமுகமும் என்று எழுத வையுங்கள். போரைக் காரணம் சொன்னால் வங்கி இரங்காது. அது பார்ப்பது ஆவணத்தை மட்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஆல் ரிஸ்க்’ என்று சொல்லி விற்கும் பாலிசியிலும் போர் அபாயம் சேராது. வார் கிளாஸ் என்ற போர்க் காப்புப் பிரிவைத் தனியாக வாங்க வேண்டும். வாங்கினாலும் அந்தக் காப்பு கப்பலில் ஏற்றியபின்தான் தொடங்கும். கடைசித் துறைமுகத்தில் இறக்கியதும் முடியும். இறக்காவிட்டாலும் கப்பல் சேர்ந்து 15 நாளில் முடிந்துவிடும். லாரியிலோ எல்லைக் கிடங்கிலோ குண்டு விழுந்தால் அது உங்கள் பாடு. வழக்கமாக 7 நாள் நோட்டீஸில் இன்சூரன்ஸ் நிறுவனம் இதை ரத்தும் செய்யலாம், ஆனால் ஏற்கெனவே ஏற்றிய சரக்கைத் தொட முடியாது. ஆகவே ஏற்றும் நாளன்று காப்பு உயிரோடு இருக்கிறதா என்று ஒரு மின்னஞ்சலில் உறுதி வாங்கிவிடுங்கள். தாமதத்தால் வரும் நஷ்டத்துக்கு, காரணம் போரே ஆனாலும், பணம் கிடைக்காது. அழுகும் சரக்கென்றால் இந்த ஒரு வரிக்காகவே வழியை மாற்றலாம்.

சி.ஐ.எஃப். விலையில், அதாவது சரக்கு, இன்சூரன்ஸ், கப்பல் கூலி மூன்றும் சேர்ந்த விலையில், வாங்குகிறீர்களா? விற்பவர் குறைந்தபட்சக் காப்பை, அதாவது ‘சி’ கிளாஸை, எடுத்தால் போதும் என்பதே சர்வதேச வணிக விதித் தொகுப்பான இன்கோடெர்ம்ஸ் 2020. மேற்கொண்டு வேண்டியதை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கப்பல்காரர் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கப் பொடியெழுத்தையும் ஒருமுறை படியுங்கள். ஆபத்து என்று தோன்றினால் வேறு துறைமுகத்தில் சரக்கை இறக்கிவிட்டுப் போகும் உரிமை பெரும்பாலும் கப்பல்காரருக்கு இருக்கும். அங்கிருந்து கிடங்கு வாடகை, மறு ஏற்றுமதிச் செலவு எல்லாம் சரக்குக்காரர் தலையில் விழும். அதை விற்பவர் ஏற்பதா வாங்குபவர் ஏற்பதா என்று விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி போட்டுவைத்தால் பிறகு சண்டை இருக்காது. கப்பல் நிறுவனம் போடும் திடீர் சர்சார்ஜுக்கும், அதாவது கூடுதல் கட்டணத்துக்கும், இதே வரி உதவும்.

பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட கப்பல்களின் பட்டியலில் சரிபார்க்கும்போது கப்பலின் பெயரை நம்பாதீர்கள், அதை மாற்றிவிடுவார்கள். கப்பலின் அடையாள எண்ணான 7 இலக்க ஐ.எம்.ஓ. எண் மாறாது. புக்கிங்கின்போதே, சரக்கை அனுப்பித் தரும் ஏஜென்டான ஃபார்வர்டரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.