லீசிங் காசும் கராஜ் பில்லும்: பழைய காரில் மாட்டிக்கொண்டவர்களுக்கு

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்கள் திரும்பவும் வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பல வருடம் ஓடிக் களைத்த அல்ட்டோவும் விட்ஸும்கூடப் புதிதாக வாங்கிய விலையைவிடக் கூடுதலாகக் கைமாறின. வட்டியும் சும்மா இருக்கவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி, மற்றக் கடன் வட்டிகளுக்கு அடிப்படையான கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. இந்த இரண்டு உச்சத்துக்கும் நடுவில் லீசிங் (காரையே ஈடாக வைத்துத் தவணையில் கட்டும் கடன்) போட்டுக் கார் எடுத்தவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப்பேர் இருக்கிறார்கள். மாதம் பிறந்தால் தவணை, மாதம் முடிவதற்குள் கராஜ் பில். அவர்களுக்கான குறிப்புத்தான் இது.

கடன் ஒரு பிரச்சினை, கார் இன்னொரு பிரச்சினை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "இவ்வளவு கட்டிவிட்டேனே, இனி எப்படி விடுவது" என்று மேலும் மேலும் காசு போகிறது. முதலில் இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

படி 1: மூன்று தொகைகளை எழுதி எடுங்கள்

முதலாவது, இன்றைய திகதிக்குக் கடனை முழுவதும் அடைத்து முடிக்க எவ்வளவு வேண்டும் என்பது. லீசிங் கம்பனியில் 'செற்றில்மென்ட்' தொகை என்று கேட்டால் தெரியும். வாய்ச்சொல் வேண்டாம், கடிதமாகக் கேளுங்கள். மீதி முதல் (இன்னும் அடைக்காத அசல்), நிலுவை, தாமதக் கட்டணம், முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் ஆகிய நான்கும் தனித்தனியாக இருக்க வேண்டும். "இன்னும் 36 தவணை இருக்கிறது அண்ணை" என்று கவுண்டரில் சொல்வது இதற்கான பதில் அல்ல.

இரண்டாவது, கார் இன்று என்ன விலைக்குப் போகும் என்பது. இக்மன், ரியசெவன இணையத்தளங்களில் அதே வருடம், அதே மொடல் காரைத் தேடுங்கள். அங்கே இருப்பது கேட்கிற விலை, கிடைக்கிற விலை இல்லை. அதனால் கார் வாங்கி விற்கும் இரண்டு பேரிடம் நேரே காட்டி "எவ்வளவுக்கு எடுப்பீர்கள்" என்று கேளுங்கள். அவர்கள் குறைத்துத்தான் சொல்வார்கள். உண்மை விலை இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும்.

மூன்றாவது, அடுத்த ஒரு வருடத்துக்கான திருத்தச் செலவு. அதைப் படி 4-இல் பார்ப்போம்.

படி 2: தவணைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

ஒரு உதாரணம். 25 லட்சம் ரூபாய், வருடம் 24 சதவீத வட்டி, 60 மாதம். தவணை ஏறக்குறைய 71,920 ரூபாய் வரும். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினால் 17 லட்சத்து 26 ஆயிரம் ரூபாய் கட்டியிருப்பீர்கள். ஆனால் மீதி முதல் இன்னும் 18 லட்சத்து 33 ஆயிரம்! கட்டியதில் கடன் குறைந்தது ஆறேமுக்கால் லட்சம்கூட இல்லை, மிச்சமெல்லாம் வட்டி. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. குறைந்துவரும் மீதிக்கு வட்டி போடும் எந்தக் கடனிலும் முதல் வருடங்கள் இப்படித்தான் போகும்.

உங்கள் ஒப்பந்தத்தில் வட்டி எப்படிப் போடப்பட்டது என்பதையும் பாருங்கள். 'பிளாட்' வட்டி (கடன் குறைந்தாலும் தொடக்கத் தொகை முழுவதற்கும் போடும் வட்டி) 13 சதவீதம் என்றால் கேட்கக் குறைவாக இருக்கும். ஐந்து வருடக் கடனில் அது குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் 20 சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒப்பந்தப் பிரதி கையில் இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். விளங்காத மொழியில் இருந்தால் தெரிந்த ஒருவரை வைத்து வாசியுங்கள். தாமதக் கட்டணமும் முன்கூட்டியே முடிக்கும் கட்டணமும் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று குறித்து வையுங்கள்.

படி 3: தவணை தவறுவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள்

இரண்டு மூன்று மாதம் பிந்திய பிறகு போனால் உங்களோடு பேசுவது வசூல் பிரிவு. பிந்துவதற்கு முன் போனால் முகாமையாளர். இந்த வித்தியாசம் பெரியது.

2023-இல் உச்சத்தில் இருந்த கொள்கை வட்டி பிறகு இறங்கியது. 2025 மேயில் மத்திய வங்கியின் ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75 சதவீதமாக இருந்தது. பழைய உயர் வட்டியிலேயே இன்னும் கட்டிக்கொண்டிருப்பவர், குறைந்த வட்டிக்கு மாற்றித் தரும்படி கேட்பது நியாயமானது. அதே கம்பனி மறுத்தால் வேறு வங்கியிலோ கம்பனியிலோ கேளுங்கள்.

மேலே சொன்ன 18 லட்சத்து 33 ஆயிரத்தை 15 சதவீதத்துக்கு, அதே 36 மாதத்துக்கு மாற்றினால் தவணை 63,550 ரூபாயளவில் வரும். மாதம் எட்டாயிரத்துக்கு மேல் மிச்சம், மொத்தத்தில் 3 லட்சம். இதிலிருந்து பழைய கடனை முடிக்கும் கட்டணத்தையும் புதிய கடனின் ஆவணச் செலவையும் கழியுங்கள். அதன் பிறகும் மிச்சம் தெரிந்தால் மாற்றலாம்.

இனித்தான் பொறி. "60 மாதமாக்கித் தருகிறோம், தவணை 43,600தான்" என்பார்கள். கேட்டவுடன் மூச்சு வரும். மொத்தத்தைப் பெருக்கிப் பாருங்கள்: 26 லட்சத்து 16 ஆயிரம். பழைய தவணையையே 36 மாதம் கட்டியிருந்தால் 25 லட்சத்து 89 ஆயிரம். வட்டி 9 சதவீதப் புள்ளிகள் குறைந்தும் நீங்கள் கூடுதலாகத்தான் கட்டுகிறீர்கள். போதாததற்கு, கார் இன்னும் இரண்டு வருடம் கூடக் கிழமாகும்போதும் கடன் முடிந்திருக்காது. வருமானம் உண்மையிலேயே அடிபட்டிருந்தால் இதை ஏற்கலாம், வேறு வழியில்லை. "கொஞ்சம் லேசாக இருக்கட்டுமே" என்பதற்காக ஏற்க வேண்டாம்.

கோரிக்கையைக் கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியோடு சீல் வாங்குங்கள். பதில் இல்லாவிட்டாலோ கணக்கு இடித்தாலோ மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இலக்கத்தில் அழைத்து முறையிடலாம்.

தவணைக்காக மீற்றர் வட்டிக்கு (தனியாரிடம் நாள் கணக்கில் ஏறும் வட்டி) மட்டும் போகாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் அண்ணாவோ மச்சானோ ஒருமுறை உதவத் தயார் என்றால், அந்தக் காசு மாதத் தவணையில் கரைவதைவிட செற்றில்மென்டுக்குப் போவது மேல். வீட்டு நகையை வங்கியில் அடகு வைக்க நினைப்பவர்கள் இரண்டு வட்டியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அடகு வட்டி குறைவாகவும் திருப்ப வழியும் இருந்தால் அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

படி 4: கராஜ் செலவுக்குக் கடிவாளம்

முதலில் ஒரு கொப்பி. திகதி, மீற்றரில் கிலோமீற்றர், என்ன வேலை, பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு. பழைய பில் கிடைத்தால் அதையும் எழுதுங்கள். ஒரே வருத்தத்துக்குத் திரும்பத் திரும்பக் காசு போயிருந்தால் கொப்பியில் பளிச்சென்று தெரியும். படி 1-இல் சொன்ன ஒரு வருடத் திருத்தச் செலவையும் இதை வைத்தே மதிப்பிடலாம்.

அடுத்து, வேலைகளை வரிசைப்படுத்துங்கள். பிறேக், ரயர், ஸ்டியரிங், சஸ்பென்சன் முதலில். இவற்றில் பேரம் கிடையாது. பிறகு தள்ளிப்போட்டால் பெரிதாகும் வேலைகள்: எண்ணெய் ஒழுக்கு, சூடேறுதல், கியர் எண்ணெய். ஏசி, பெயின்ற், பாட்டு செற் எல்லாம் கடைசி.

சூடேறுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய நிலம் சுண்ணாம்புக் கல். கிணற்றுத் தண்ணீர் கொதித்த கேத்திலின் அடியில் படியும் வெள்ளையை எல்லா வீட்டிலும் பார்க்கலாம். அதே தண்ணீரை ரேடியேற்றருக்குள் ஊற்றினால் அதே வெள்ளைதான் உள்ளே படியும், ஓட்டம் அடைபடும், ஒருநாள் எஞ்சினுக்குள் இருக்கும் ஹெட் காஸ்கட் என்ற அடைப்புத் தகடு போகும். தண்ணீருக்குப் பதிலாக ஊற்றும் கூலன்ற் வாங்கும் காசு அதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கடலோரத்தில் இருப்பவர்கள் காருக்கு அடியில் உப்புத் துருவையும் வருடம் ஒருமுறை பார்ப்பிக்க வேண்டும்.

பெரிய வேலை என்று சொன்னால் உடனே கழற்ற விடாதீர்கள். ஸ்கான் பண்ணி, காட்டும் பழுதுக் கோட் என்ன என்று கேட்டு, எழுத்தில் மதிப்பீடு வாங்கி, இன்னொரு கராஜிலும் காட்டுங்கள். "திறந்து பார்த்தால்தான் தெரியும்" என்பது சில நேரம் உண்மைதான். அப்போதும் திறக்க எவ்வளவு, திறந்தபின் வேண்டாம் என்றால் எவ்வளவு என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். பாகத்தை யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிக் கடைகளில் நீங்களே விலை கேட்கலாம். அங்கே இல்லாததைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுப்பிக்கலாம். பிறேக் பாகங்களில் மட்டும் மலிவான போலிப் பொருள் வேண்டாம்.

ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் பின் ஆசனத்துக்குப் பக்கத்தில் உள்ள பற்றரி விசிறியின் வழியைத் துப்புரவாக்கிப் பாருங்கள். தூசி அடைத்தாலே பற்றரி சூடேறிக் கெடும். ரொயோட்டா அக்குவா காரின் பற்றரியில் மொடியூல் எனப்படும் சிறு பற்றரிகள் 20 இருக்கின்றன. பழுதான ஒன்றை மட்டும் மாற்றுவது மலிவு, ஆனால் மற்ற பத்தொன்பதும் அதே வயது. விற்கப்போகிற கார் என்றாலும் ஒன்றை மட்டும் மாற்றியதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

படி 5: வைப்பதா, விற்பதா

காரின் விலை செற்றில்மென்டைவிடக் கூடவா? அப்படியென்றால் உங்களுக்குத் தெரிவு இருக்கிறது. அடுத்த வருடத் திருத்தச் செலவு இரண்டு மூன்று தவணைக்குள் அடங்கினால் வைத்து ஓட்டுங்கள், அதற்கு மேல் போனால் விற்பதுதான் என் தெரிவு.

விலை செற்றில்மென்டைவிடக் குறைவு என்றால், அந்த இடைவெளியை எங்கிருந்தோ நீங்கள்தான் போட வேண்டும். போட முடியாவிட்டால் அவசியமான திருத்தம் மட்டும் செய்து ஓட்டிக்கொண்டு, மீதி முதல் இறங்கும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்கள். 'தானாக எடுத்துக்கொண்டு போகட்டும்' என்று விடுவது மிக மோசமான வழி. கம்பனி காரை எடுத்து விற்று, கடனுக்குப் போதாமல் வந்தால் மீதியை உங்களிடம் கேட்கும். அதோடு பிணை நின்றவர்களிடமும் போகும். மாமாவோ கூடப் படிப்பிக்கும் ஆசிரியரோ கையெழுத்து வைத்திருந்தால் நிலைமையை அவர்களுக்கு நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள்.

படி 6: விற்றால் முறையாக விற்க வேண்டும்

லீசிங் முடியும்வரை வாகனப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர்தான் இருக்கும். "மிச்சத் தவணையை நான் கட்டுகிறேன் அண்ணை, காரைத் தாருங்கள்" என்று வருகிறவரிடம் கம்பனிக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் கடன் உங்கள் பெயரில், கார் அவரிடம். ஓப்பின் பேப்பரில் (வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் வைத்து) கொடுப்பதும் இதே வகை. விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் தேடுவது பதிவில் உள்ளவரை.

சரியான ஒழுங்கு இதுதான்: வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு கம்பனிக்குப் போங்கள். செற்றில்மென்ட் தொகையை அவர் நேரே அங்கே கட்டட்டும், மிச்சத்தை உங்களுக்குத் தரட்டும். கடன் முடிந்த கடிதம், உரிமை விடுவிப்பு ஆவணம், பிணையாளிகள் விடுவிக்கப்பட்ட கடிதம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பெயர் மாற்றம் நடந்ததற்கான ஆதாரத்தின் பிரதியும் உங்களிடம் இருக்க வேண்டும். சில மாதம் கழித்து வங்கியூடாகக் கொடுகடன் தகவல் பணியகத்தின் அறிக்கையை எடுத்து, இந்தக் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டாவிட்டால் கடன் முடிந்த கடிதத்தின் பிரதியோடு கம்பனிக்குத் திரும்ப எழுதுங்கள்.