வெள்ளைக் காளானைப் பறிக்கும் முன்: புற்றுக்காளானையும் அதைப் போலிருக்கும் நச்சுக்காளான்களையும் பிரித்தறிவது எப்படி?

ஐப்பசி மழையில் இடி இடித்து ஓய்ந்தால் போதும், செம்மண் காட்டிலும் வரப்போரத்திலும் வெள்ளை வெள்ளையாகக் காளான் கிளம்பிவிடும். அதில் ருசிக்குப் பேர்போன புற்றுக்காளான் இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்த்துவிடும் நச்சுக்காளானும் இருக்கும். கல்லீரலையே அழித்துவிடும் அமானிட்டா வகைகளிலும் வெள்ளை நிறத்தவை உண்டு. நிறத்தை வைத்து இவற்றைப் பிரிக்கவே முடியாது. கண்ணுக்குத் தெரியும் குடையை விட, மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதியும், குடையிலிருந்து உதிரும் வித்துத்தூளும்தான் ஒரு காளான் இன்னது என்று சொல்லும். அந்த இரண்டையும் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்த கையோடு பறித்துச் சமைத்துவிடாதீர்கள். முதல் மழைக்காலம் முழுக்கப் பார்ப்பது, தோண்டுவது, வித்துப் பதிவு எடுப்பது (உதிரும் வித்துத்தூளைத் தாளில் விழவைத்து நிறம் பார்ப்பது), இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நச்சுக்காளானைத் தொட்டாலே விஷம் ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். விஷம் வயிற்றுக்குள் போனால்தான் ஆபத்து. கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கையில் வேண்டியவை: ஒரு களைக்கொத்து, கத்தி, பேப்பர் பை, பாதி வெள்ளை பாதி கறுப்பாக ஒட்டிய ஒரு தாள், கவிழ்த்து வைக்க ஒரு கிண்ணம்.

படி 1: முளைத்த இடத்தைப் பாருங்கள்

புற்றுக்காளான் கறையானோடு சேர்ந்து வாழ்வது. கறையான் அரித்துக் கொண்டுவரும் இலை, மரத்தூள் எல்லாவற்றையும் தின்று, அந்தக் கழிவால் புற்றுக்குள் அடை அடையாகக் கட்டி வைக்கிறது. அந்த அடையில்தான் இந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானுக்கு அதுதான் சாப்பாடு. ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் கூட்டுவாழ்வு இது. டெர்மிட்டோமைசிஸ் என்பது இந்தப் பூஞ்சைப் பேரினத்துக்கு 1942-இல் ரோஜர் ஹெய்ம் என்ற பிரெஞ்சு அறிஞர் வைத்த பெயர். இதைப் பண்ணையில் வளர்த்து விற்கும் வழி இன்னும் கைகூடவில்லை. பருவத்தில் ரோட்டோரம் கூறு கட்டி விற்கும் புற்றுக்காளான் எல்லாமே காட்டிலிருந்து வருவதுதான்.

புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். புற்று மேலே முளைத்தால் அது புற்றுக்காளான்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். புற்றுக்குப் பக்கத்தில் வேறு காளானும் தாராளமாக முளைக்கும். மறுபுறம், கறையான் கூடு தரைக்குள்ளேயே இருந்தால், மேலே புற்றே தெரியாத வெறும் தரையிலும் அசல் புற்றுக்காளான் முளைக்கும். ஆகவே இடம் என்பது ஒரு துப்பு மட்டுமே.

படி 2: முழுதாகத் தோண்டி எடுங்கள்

இந்தப் படியை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. தண்டைப் பிடித்து இழுத்தால் தரைமட்டத்தில் முறிந்து வந்துவிடும். அப்போது நமக்கு வேண்டிய சாட்சி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். பாம்பு இருக்கும் என்பதால் புற்றுப் பொந்தில் கையை விடாதீர்கள். காளானைச் சுற்றி ஒரு சாண் தள்ளிக் களைக்கொத்தால் மெதுவாக மண்ணைத் தளர்த்துங்கள். கூட்டமாக முளைத்திருந்தால் ஒன்றை மட்டும் தோண்டினால் போதும், கூட்டைக் குலைக்க வேண்டாம்.

புற்றுக்காளானாக இருந்தால், தண்டு மண்ணுக்குள் போகப் போகச் சிறுத்து, நீளமான வேராக இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு முழம்கூடப் போகும். அதன் நுனி கறையான் அடையில் போய் முடியும். அடை பழுப்பாக, ஓட்டை ஓட்டையாக, கையில் நொறுங்கும் பதத்தில் இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன்மேல் கடுகைவிடச் சிறிய வெள்ளை மணிகள் தெரியும். இந்த வேரையும் அடையையும் ஒருமுறை கண்ணால் பார்த்தவர்களுக்கு மறக்காது.

அமானிட்டா வகையாக இருந்தால் இப்படி நீண்டு இறங்கும் வேர் பொதுவாக இருக்காது. தண்டின் அடி பருத்து, அதைச் சுற்றி உடைந்த முட்டை ஓடு போல ஒரு வெள்ளைப் பை இருக்கும். உலகில் காளான் தின்று இறப்பவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது இந்தக் குடும்பம்தான். அந்தப் பையும் மண்ணுக்குள்தான் புதைந்திருக்கும். மேலே அறுத்து எடுத்தவர் கண்ணில் அது படாது.

புற்றுக்காளான் வகைகளில் அரிசிக்காளான் மட்டும் விதிவிலக்கு. கறையான் வெளியே கொண்டுவந்து போட்ட அடைத்துகளில் நூற்றுக்கணக்கில் முளைக்கும் குட்டிக் காளான் அது. நீண்ட வேர் இருக்காது. சின்னக் காளான்களில் கல்லீரலைத் தாக்கும் லெப்பியோட்டா வகைகளும் உண்டு என்பதால், தொடக்கத்தில் அரிசிக்காளான் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: குடை, மடிப்பு, வளையம்

புற்றுக்காளானின் குடை நடுவில் கூம்பு போலத் தூக்கிக்கொண்டு, கெட்டியாக, கொஞ்சம் பழுப்பேறி இருக்கும். மண்ணைத் துளைத்து மேலே வருவது அந்த முனைதான். விரிந்த பிறகு விளிம்பு பிளந்துபோகும். அடியில் உள்ள மடிப்புகள் வெள்ளையாக இருந்து, முற்ற முற்ற லேசான இளஞ்சிவப்பு ஏறும்.

நம் ஊரில் இதோடு அதிகம் குழம்புவது குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளான். புல்தரை, மேய்ச்சல் நிலம், பள்ளிக்கூட மைதானம், பார்க் எல்லாவற்றிலும் மழைக்குப் பின் முளைக்கும். குடை ஒரு சாண் அகலம்கூட விரியும். வெள்ளைக் குடையின் மேல் பழுப்புச் செதில்கள், தண்டில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். மடிப்பு இளசில் சுத்த வெள்ளை. முற்றிய பிறகுதான் சாம்பல் கலந்த பச்சை ஏறும். மொட்டாக இருக்கும்போது பறித்தவர் அந்தப் பச்சையைப் பார்க்கவே மாட்டார். கனமழையில் செதிலும் கழுவிப் போய்விடலாம். அதனால் விரியாத மொட்டை ஒருபோதும் நம்பாதீர்கள்.

வளையம் இருந்தாலே விஷம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரியில்லை. தென்னிந்தியாவில் கிடைக்கும் டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற நல்ல புற்றுக்காளானுக்கே தண்டில் வளையம் உண்டு.

படி 4: வித்துப் பதிவு எடுங்கள்

நன்றாக விரிந்த காளானின் தண்டை அறுத்துவிட்டு, குடையை மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி கறுப்பு வெள்ளைத் தாளின் நடுவில் வையுங்கள். குடை மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கிண்ணத்தால் மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். காலையில் குடையைத் தூக்கினால், மடிப்பு மடிப்பாகத் தூள் கொட்டிக் கோலமிட்டிருக்கும்.

தூள் பச்சையாக இருந்தால் அது குளோரோபில்லம்தான், குப்பையில் போடுங்கள். புற்றுக்காளான் வெளிர் இளஞ்சிவப்பு அல்லது பாலேடு நிறத்தில் விழும். அமானிட்டா வெள்ளையாக விழும். அது கறுப்புத் தாளில்தான் தெரியும், அதற்காகத்தான் இரண்டு நிறத் தாள். வெளிர் நிறங்களைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், டியூப்லைட்டில் ஏமாற்றும். தூளே விழவில்லை என்றால் முடிவு தெரியவில்லை என்றுதான் அர்த்தம், நல்ல காளான் என்று அர்த்தமில்லை.

வேர், கூம்பு, மடிப்பு, வித்து ஆகிய நான்கில் ஒன்று ஒத்துவராவிட்டாலும் அந்தக் காளானை விட்டுவிடுங்கள். நான்கும் ஒத்து வந்தாலும், அதே காட்டில் பல வருடமாகப் பறித்துச் சாப்பிடும் பெரியவர் ஒருவர் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லாமல் சமைக்க வேண்டாம். போட்டோ அனுப்பிக் கேட்பதும், செல்போன் செயலி சொல்வதும் இதற்கு ஈடாகாது. மண்ணுக்குள் இருந்ததைப் படம் காட்டாது.

நம்பக் கூடாத சோதனைகள்

வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா, கூடவே போட்ட அரிசி நிறம் மாறுகிறதா என்று பார்ப்பதெல்லாம் எந்த விஷத்தையும் காட்டிக்கொடுக்காது. புழு அரித்திருந்தால் மனிதனும் சாப்பிடலாம் என்பதும் பொய். நத்தைக்கும் பூச்சிக்கும் ஒன்றும் செய்யாத விஷம் நம்மைக் கொல்லும். அமானிட்டாவின் விஷம் கொதிக்க வைத்தாலும், காயவைத்தாலும், மஞ்சள் போட்டு அலசினாலும் போகாது. 2022 ஏப்ரலில் மேல் அசாமில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

மெல்பர்ன், கான்பெரா, கலிபோர்னியாப் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஓக் மரத்தடியில் முளைக்கும் அமானிட்டா பலாய்டிஸ் (வெளிர் பச்சையிலும் வரும், வெளுத்தும் வரும்) நம் ஊர் வைக்கோல் காளானை அப்படியே ஒத்திருக்கும். இரண்டுக்கும் அடியில் பை உண்டு என்பதால் அதை வைத்துப் பிரிக்கவும் முடியாது. வைக்கோல் காளானுக்கு வளையம் கிடையாது, வித்து இளஞ்சிவப்பு. ஆசியாவிலிருந்து குடிபோனவர்கள் இந்தக் குழப்பத்தில் உயிரிழந்திருக்கிறார்கள். அங்கே பறிக்கவே வேண்டாம்.

வெள்ளைக் காளான் மேல்தான் ஆசை என்றால் பால் காளானை வீட்டிலேயே வளர்க்கலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏபிகே 2 ரகம் நம் வெக்கைக்கு நன்றாக வரும்.

தவறிச் சாப்பிட்டுவிட்டால்

குளோரோபில்லம் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியைக் கொண்டுவரும். அமானிட்டா ஆறு மணி நேரத்துக்கு மேல், பலருக்கு மறுநாள்தான் வேலையைக் காட்டும். வாந்தியும் பேதியும் ஒரு நாள் வாட்டிவிட்டு நின்றுபோகும், ஆள் தேறிவிட்டதாகத் தோன்றும். அந்த நேரத்தில் உள்ளே கல்லீரல் செத்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நான்காம் நாளில் கண் மஞ்சளாகும். அதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும்.

சந்தேகம் வந்த உடனே, உடம்புக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும், தமிழ்நாட்டில் 108-க்கும் இலங்கையில் 1990-க்கும் அழையுங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், முக்கியமாகக் குழந்தைகள், சேர்ந்தே போக வேண்டும். பெரிய அரசு மருத்துவமனையாகப் பாருங்கள், கல்லீரல் பரிசோதனை அங்கே உடனே செய்ய முடியும். சாப்பிட்ட நேரத்தையும் முதல் வாந்தி வந்த நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சக் காளானோ, சுத்தம் செய்தபோது அறுத்துப் போட்ட அடித்தண்டோ இருந்தால் பேப்பரில் சுற்றி டாக்டரிடம் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகி அடையாளம் போய்விடும்.