ஆபா கணக்கில் மருத்துவப் பதிவுகளை இணைப்பது எப்படி?
ஆபா (ABHA) என்பது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் திட்டத்தில் கிடைக்கும் சுகாதார அடையாளக் கணக்கு. ஆபா செயலியில் ஆதார் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி வரும், அதைப் போட்டதும் 14 இலக்க ஆபா எண் கிடைக்கும். அப்புறம் பதிவுகளை இணைக்க வேண்டும். நீங்கள் போன மருத்துவமனை இத்திட்டத்தில் சேர்ந்திருந்தால் செயலியில் அதன் பெயரைத் தேடி இணைக்கலாம்.

ரிப்போர்ட் எல்லாம் அரசின் ஒரே கணினியில் குவிவதில்லை, அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும், நீங்கள் சம்மதித்தால் மட்டும் எஃப்.எச்.ஐ.ஆர். என்ற பொது வடிவத்தில் இன்னொரு டாக்டருக்குப் போகும். அதனால் சம்மதம் கேட்டு வரும் கோரிக்கையைப் படிக்காமல் தயவுசெய்து ஓகே கொடுக்காதீர்கள். யார் கேட்கிறார்கள், எந்தத் தேதி முதல் எதுவரை உள்ள பதிவுகள், அனுமதி எப்போது காலாவதியாகும் என்று பாருங்கள். தேவைக்கு மேல் இருந்தால் குறைத்துவிடுங்கள். கொடுத்த சம்மதத்தைப் பிறகு ரத்தும் செய்யலாம்.